தம் நோயைத் தாமே படித்தவர்: கொரிய மருத்துவர் லீ ஜேமா

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கவிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதாமல் மருத்துவர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். அவரும் நம் நாட்டவர் அல்லர்; நம் மொழியினரும் அல்லர். கொரிய நாட்டின் வடகிழக்கே ஹாம்ஹுங் நகரில் 1837ஆம் ஆண்டு பிறந்து, 1900ஆம் ஆண்டு அந்நகரிலேயே மறைந்தவர். ஆயினும் உடம்பையும் உணர்ச்சியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த அறிஞர் அவர். சினமும் துயரும் மகிழ்வும் களிப்பும் மனித உடலில் எங்கே தங்குகின்றன, உண்ட சோறு செரிப்பதற்கும் அவற்றிற்கும் என்ன உறவு என்று வாழ்நாள் முழுதும் வினவியவர். உணர்ச்சியைத் தொழிற்களமாகக் கொண்ட கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்திற்கு அவர் அயலவராகார் என்றே கருதுகிறேன்.

கொரிய மருத்துவ வரலாற்றில் இரு பெயர்கள் ஓங்கி நிற்கும். முதலாமவர் ஹோ ஜுன். 1539 முதல் 1615 வரை வாழ்ந்த அவர் ஜோசன் மன்னர்களின் அரண்மனை மருத்துவர். அவர் 1610இல் முடித்து 1613இல் அச்சேறிய ‘தோங்உய் போகாம்’ என்னும் இருபத்தைந்து தொகுதிப் பெருநூலை யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இரண்டாமவரே நம் கட்டுரைக்குரிய லீ ஜேமா. முன்னவர் தமக்கு முன்னிருந்த மருத்துவ அறிவு முழுவதையும் ஒரு கடலாகத் தொகுத்தார். பின்னவர் அக்கடலில் தமக்கென ஒரு மிடறு மருந்தைத் தேடிக் காணாமல் கரையில் நின்றவர். அவருடைய வயிறு பல்லாண்டு உணவை ஏற்க மறுத்தது. மருத்துவர்கள் தந்த மருந்துகளால் அது தீரவில்லை. ஒரே நோய்க்குரிய ஒரே மருந்து ஒருவரைக் குணப்படுத்தி மற்றொருவரைக் கைவிடுவது ஏன் என்ற வினா அவ்வாறு பிறந்தது. அவர் எழுதிய அனைத்தும் அவ்வினாவின் விரிவே எனலாம்.

அவர் பிறப்பைப் பற்றிக் கொரிய மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அவருடைய பாட்டனார் ஒருநாள் கனவில், யாரோ ஒருவர் ஜேஜு தீவிலிருந்து கொணர்ந்ததென்று சொல்லி உயர்சாதிக் குதிரை ஒன்றைத் தம் வீட்டுத் தூணில் கட்டிவிட்டுப் போவதைக் கண்டாராம். விழித்தெழுந்த வேளையில் வாயிலில் ஒரு பெண் பச்சிளங் குழந்தையுடன் நின்றாளாம். தம் மகனுக்கு மணமுறைக்குப் புறத்தே பிறந்த அப்பிள்ளையைப் பாட்டனார் வீட்டில் ஏற்று, ஜேஜுவின் குதிரை என்று பொருள்படும் ஜேமா என்னும் பெயரை இட்டாராம். கனவு உண்மையோ புனைவோ, அதன் உள்ளீடு உண்மை. ஜேமா உரிமை மனைவியின் வயிற்றில் பிறந்தவர் அல்லர். அரச குலத்தோடு தொடர்புடைய ஜோஞ்சு லீ மரபில் வந்தும், ஜோசன் சமூகம் அத்தகைய பிள்ளைகளுக்கு விதித்த தடைகள் அவரையும் சூழ்ந்தன. குலக் கோயிலில் அவர்களுக்குப் பின்வரிசை. கல்வித் தேர்வு வழியே உயர்பதவி எய்தும் பாதையோ நெடுங்காலமாக அவர்களுக்கு மூடியே கிடந்தது. பிறப்பைக் கொண்டு மனிதரை வகைப்படுத்திய நாட்டில் பிறந்த இவர்தாம், பின்னாளில் மனிதரை வேறொரு முறையில் வகைப்படுத்தினார். அவ்வகைப்பாட்டில் மேல் கீழ் என்பது இல்லை. உரிமைப் பிள்ளைக்கும் புறப்பிள்ளைக்கும், பிரபுவுக்கும் அடிமைக்கும் அதில் ஒரே அளவுகோல்தான். இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பது என் ஊகமே. அவர் தம் நூலில் அவ்வாறு இணைத்துக் கூறவில்லை.

பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்த ஜேமா வீட்டை விட்டு வெளியேறினார். வடக்கே சீன எல்லை வரையும் அதற்கு அப்பாலும் அலைந்தார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் கூறும். போர்க்கலையும் பயின்றார், கன்பூசிய நூல்களையும் பயின்றார். ‘தோங்மு’, அதாவது கீழைநாட்டு வீரன் என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். மருத்துவர் ஒருவருக்கு இப்பெயர் வியப்பானதுதான். அலைந்த காலத்தில் ஒரு பயணியர் விடுதியில் சுவருக்கு ஒட்டப்பட்டிருந்த தாள்களில் எழுத்துகள் இருப்பதைக் கண்டு படித்தார் என்றும், அவை ஹான் சொக்ஜி என்ற, தமக்கு முந்திய நூற்றாண்டுச் சிந்தனையாளர் எழுதி யாரும் போற்றாமல் போன நூலின் ஏடுகள் என்றும், அவற்றைத் தேடித் தொகுத்துப் படியெடுத்தார் என்றும் சொல்வர். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்தோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி மனத்தைத் தொடுவதாகும். ஹான் சொக்ஜியை ஜோசன் நாட்டின் முதன்மைச் சிந்தனையாளராக ஜேமா மதித்தார். நிலைபெற்றுவிட்ட புதுக்கன்பூசியக் கருத்துகளை மறுத்துக் கேட்கும் துணிவு அவ்வேடுகளிலிருந்து அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இனி அவருடைய நோயைக் காண்போம். கொரிய மக்கள் செரியாமையை ‘சே’ என்பர். உண்டது வழியில் எங்கோ நின்றுவிட்டது என்பதே அச்சொல்லின் கருத்து. வீட்டுப் பாட்டிமார் கட்டைவிரல் நகத்தடியை நூலால் கட்டி ஊசியால் குத்திக் கரும்இரத்தத் துளி ஒன்றை வெளியேற்றுவது அந்நாட்டின் பழைய கைவைத்தியம். ஜேமாவுக்கு வந்தது அதனினும் கொடியது. விழுங்கும்போதே தொண்டைக்கும் மார்புக்கும் இடையே உணவு அடைத்துக்கொள்ளும். சற்றே உட்சென்றதும் எதிர்க்களித்து வாய்க்கு வந்துவிடும். நுரையும் எச்சிலுமாகக் கக்க நேரும். இவற்றைக் கிழக்காசிய மருத்துவ நூல்கள் இரு பெயரால் சுட்டி, தீர்வது அரிதான நோய்களின் வரிசையில் வைத்திருந்தன. ஆறேழு ஆண்டுகள் தாம் இவ்வாறு நுரை கக்கியதாகவும், பின்னர்ப் பல பத்தாண்டுகள் உடம்பைப் பேணியதால் மட்டுமே இளஞ்சாவினின்று தப்பியதாகவும் ஜேமா தம் நூலில் பதிந்துள்ளார். மேலுடல் நலமாயிருந்தும் கால்கள் மட்டும் தளர்ந்து நடக்க மாட்டாமற் போகும் மற்றொரு நோயும் அவரை வருத்தியதாக வாழ்க்கைக் குறிப்புகள் கூறும். படைவீரருக்கு இதனினும் கொடிய ஏளனம் வேறு இருக்க முடியுமா? இந்நோயை இன்றைய மருத்துவம் என்னவென்று பெயரிட்டிருக்கும் என்று இத்தனை காலம் கடந்தபின் சொல்ல முனைவது வீண்.

நூல்களில் அவர் தேடினார். பழைய சீன மருத்துவர்களில் இருவரையும் நம் ஹோ ஜுனையும் முதல் மூவராகப் போற்றியவர் அவர். முன்னோரை இகழ்ந்து புதுமை பேசியவர் அல்லர். (நம் ஹோ ஜுன் என்று என்னையறியாமல் எழுதிவிட்டேன். ஒருவர் நூலோடு சில மாதம் வாழ்ந்தால் அவர் நம்மவராகிவிடுகிறார்!) ஆனால் அந்நூல்களை அவர் புதிய கண்ணால் படித்தார். ஒவ்வொரு மருந்தும் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டுக்கொண்டே படித்தார். பழைய மருந்துகளுள் மிகப்பல ஒருவகை உடற்கூற்றினருக்கே பொருந்துவன என்றும், தம்மைப் போன்றோருக்கு அந்நூல்களில் ஒன்றிரண்டு குறிப்புகளே உண்டென்றும் கண்டார். தம்மைப் போன்றோர் என்பவர் யாவர்? அவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே ‘சாசாங்’ எனப்படும் நால்வகை உடற்கூற்றுக் கொள்கை.

யாங் என்னும் எழுத்துக்கு வெயில் படும் மலைச்சாரல் என்பதும், கொரியர் உம் என்று ஒலிக்கும் யின் என்னும் எழுத்துக்கு நிழல் படிந்த சாரல் என்பதும் முதற்பொருள்கள். ஆதலின் ஜேமாவின் நால்வகையினரைப் பெருவெயிலர், சிறுவெயிலர், பெருநிழலர், சிறுநிழலர் என்று தமிழாக்கிக்கொள்கிறேன். பெருவெயிலருக்கு நுரையீரல் வலிது, கல்லீரல் மெலிது. பெருநிழலருக்கு இதற்கு நேர்மாறு. சிறுவெயிலருக்கு மண்ணீரல் வலிது, சிறுநீரகம் மெலிது. சிறுநிழலருக்கு அதற்கு நேர்மாறு. இங்கு உறுப்புப் பெயர்களை அறுவை மேசையில் காணும் உறுப்புகளாகக் கொள்ளலாகாது. மண்ணீரல் என்றால் உணவை ஏற்று ஆற்றலாக்கும் செயல்; நுரையீரல் என்றால் வெளிவிடும் செயல்; இவ்வாறே பிறவும். வாதம், பித்தம், கபம் என்னும் நம் முக்குற்றம் இக்கணம் அன்பர்கள் நினைவில் எழும். ஆனால் ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். முக்குற்றங்கள் ஓர் உடலினுள்ளேயே ஏறியும் இறங்கியும் மாறுவன. ஜேமாவின் வகையோ பிறவியில் அமைந்து இறப்பு வரை மாறாதது.

ஒருவர் நலமாயிருக்கிறார் என்பதை அறிய ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் அடையாளம் வைத்தார். பெருவெயிலருக்குச் சிறுநீர் தாராளமாகப் பிரிய வேண்டும். பெருநிழலருக்கு வியர்வை தடையின்றி வெளிப்பட வேண்டும். சிறுவெயிலருக்கு மலம் எளிதிற் கழிய வேண்டும். சிறுநிழலருக்கு உண்டது நன்கு செரிக்க வேண்டும். நாட்பட்ட செரியாமை என்பது நால்வருக்கும் வரலாம்; ஆயின் நால்வரிடத்தும் அது ஒரே நோயன்று என்பதே அவர் கொள்கையின் உயிர்நிலை. சிறுநிழலரிடம் அது வயிற்றின் குளிர்ச்சி. பெருநிழலரிடம் பெருந்தீனியும் தேக்கமும். சிறுவெயிலரிடம் உள்வெப்பம். ஆதலால் சிறுநிழலருக்கு உயிர் தரும் ஜின்செங் வேர் சிறுவெயிலருக்குத் தீங்கு செய்யும் என்றார். கொரியாவில் ஜின்செங்கின் மீது ஐயம் எழுப்புவது எத்துணைத் துணிவான செயல் என்பதை அந்நாட்டை ஓரளவேனும் அறிந்தவர் உணர்வர்.

சிறுநிழலரின் மந்த வயிற்றுக்கு அவர் வகுத்த ‘ஹியாங்சா யாங்வி தாங்’ என்னும் கசாயம் இன்றும் கொரிய மருத்துவரால் எழுதித் தரப்படுகிறது. ஜின்செங், பியோனி வேர், அதிமதுரம், சுக்கு, முதிர்ந்த ஆரஞ்சு இனத் தோல், ஏலக்காய் இனத்து விதைகள் இரண்டு, ஹாதோர்ன் என்னும் புளிப்புக் கனியின் சதை, நம் வயல்வரப்பில் களையாகப் பிடுங்கி எறியும் கோரையின் கிழங்கு முதலிய பதினொரு சரக்குகள், ஒவ்வொன்றும் ஒரு ‘தோன்’ நிறை, அதாவது ஏறத்தாழ நான்கு கிராம். அவற்றோடு மூன்று வில்லை இஞ்சியும் இரண்டு இலந்தைக் கனியும். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு வாங்கியவர்களுக்கு இப்பட்டியலின் மணம் ஏறக்குறையத் தெரிந்ததாகவே இருக்கும். பெருநிழலருக்கு வகுத்ததோ முற்றிலும் வேறு. மணிபோன்ற விதையுடைய ஒரு புல்லின் அரிசி, உலர்ந்த செஸ்ட்நட் கொட்டை, முள்ளங்கி விதை என்று அது தொடங்கும். பாதி மருந்து, பாதி உணவு. ஆயினும் அதே கசாயத்தில் எபெட்ரா என்னும் செடியும் சேர்கிறது. அது நெஞ்சுத் துடிப்பையும் குருதியழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. சிறுநிழலருக்கான வேறு சில மருந்துகளில் நச்சுத்தன்மையுள்ள நாபி இனத்து வேர் உண்டு. எனவே இப்பெயர்களைப் படித்து யாரும் வீட்டில் அடுப்பேற்ற வேண்டா. உணவு விழுங்க முடியாமை, உடல் மெலிவு, கறுத்த மலம் ஆகியன கண்டால் கொரியக் கசாயத்தையும் நம் கசாயத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

கவிஞர்கள் நின்று படிக்கத்தக்க பகுதி இனிமேல்தான் வருகிறது. உறுப்புகளின் வலிவும் மெலிவும் எதனால் அமைகின்றன? துயர், சினம், மகிழ்வு, களிப்பு என்னும் நான்கின் ஏற்றத்தாழ்வால் என்கிறார் ஜேமா. நூலின் முதற்பகுதியில் மருந்தின் பெயரே இராது. மனித இயல்பைப் பற்றிய கன்பூசியத் தத்துவமே இருக்கும். வாக்கியங்கள் செவ்வியல் சீனத்தில், இணையிணையாக, அளவெடுத்து நிறுத்தியவை போல் வரும். மருந்துக் குறிப்பைத் தேடி நூலைத் திறந்தவர் அங்கே திகைத்து நிற்பார். சிறுநிழலரின் நெஞ்சில் எப்போதும் ஓர் அமைதியின்மை குடிகொண்டிருக்கும். அது தணிந்தால் அக்கணமே செரிமானத்தின் ஆற்றல் உயிர்த்தெழும் என்று அவர் எழுதினார். கவலை வயிற்றைக் கட்டும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அறியாததன்று. ஆயினும் கவலையை மருந்துப் பட்டியலின் முதல் வரியில் வைக்கும் துணிவு மருத்துவ நூலாசிரியர்க்கு எளிதில் வருவதில்லை. தகுதியுடையோர்பால் பொறாமை கொள்வதே உலகில் பலரை வாட்டும் நோய் என்றும், நல்லோரை விரும்புவதே பெருமருந்து என்றும் அவர் சொல்லும் இடமும் உண்டு. இலக்கிய வட்டங்களில் பழகியோர் இதன் பொருளை உரையின்றி உணர்வர்!

தம் வகையினரான பெருவெயிலருக்கு வருவோம். பதினாயிரம் பேர் வாழும் ஊரில் பெருநிழலர் ஐயாயிரவர், சிறுவெயிலர் மூவாயிரவர், சிறுநிழலர் ஈராயிரவர், பெருவெயிலரோ மூன்று நான்கு பேர் முதல் பத்துப் பேர் வரையே என்பது அவர் கணக்கு. இது குடிமதிப்பன்று, தம் கண்ணுக்குப் பட்டதைக் கொண்டு ஒரு மருத்துவர் கூறிய மதிப்பீடு. இன்றைய ஆய்வுநெறி கேட்கும் சான்று இதற்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இக்கணக்கில் ஒரு தனிமை ஒலிக்கிறது. ஊருக்குப் பத்துப் பேர் கூட இல்லாத இனத்தைச் சேர்ந்தவன் தான் என்று ஒருவர் எழுதுகிறார்; நூல்கள் தன்னை மறந்ததற்குக் காரணம் அதுவே என்று காண்கிறார். தமக்கான மருந்தை அவரே கூட்ட வேண்டியிருந்தது. கிவி இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக்கொடியின் பழம் நான்கு தோன். மோக்வா என்னும் புளிப்புக் கனியும் திராட்சை வேரும் இரண்டிரண்டு. நாணல் வேர், செர்ரியின் சதை, ஓகாபி என்னும் முட்செடியின் பட்டை, பைன் மரத்துப் பூந்தாது ஒவ்வொன்று. இறுதியாக, நெல் குற்றும் உலக்கையின் நுனியில் ஒட்டிக்கொள்ளும் தவிட்டுப் பொடி அரைக் கரண்டி.

உலக்கைத் தவிட்டை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எந்த ஏழை வீட்டு முற்றத்திலும் அது கிடைக்கும். மேற்செல்லும் இயல்புடைய பெருவெயிலரின் உடலாற்றலைக் கீழிறக்கிச் சேமிக்க வேண்டும் என்பது அக்கூட்டின் நோக்கம். உணவிலும் அவ்வாறே. கொழுப்பும் காரமும் நீக்கி, எளிய காய்கறியும் பக்வீட் மாவால் செய்த உணவும் கொள்க என்றார். ஆனால் இவை அனைத்திற்கும் மேலாக ஒன்றை வைத்தார். சினத்தை அகற்றாமல் இந்நோய் தீராது; இதற்கான மருத்துவத்தை ஒரே சொல்லில் அடக்குவதானால் சினம் தவிர்த்தலே அது என்று முடித்தார். போர்க்கலை பயின்றவரும், வீரன் என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டவரும், பிறப்பால் இழிவுகளை ஏற்றவருமான ஒருவர் சினத்தை விழுங்காமல், கக்காமல், கரைக்கக் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

வெளி வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லிச் செல்லலாம். 1875இல், ஏறத்தாழ நாற்பதாம் அகவையை நெருங்கும்போது, படைத்துறைத் தேர்வில் வென்றார். 1886இல் தென்கடற்கரைப் பகுதியான ஜின்ஹேயின் ஆட்சியாளராக அமர்த்தப்பட்டார். 1889இல் பதவி நீங்கினார். இதற்கிடையில் ‘கியோக்சிகோ’ என்னும் தத்துவ நூலை 1880 முதல் 1893 வரை எழுதினார். பதவியில் அவர் செய்த பெருஞ்செயல் என்று வரலாறு குறித்து வைத்தது மிகுதியில்லை.

1893ஆம் ஆண்டு நடுப்பகுதியில், தலைநகர் சோலின் நம்சான் மலைப்பகுதியில் நண்பர் இல்லத்தில் தங்கித் தம் மருத்துவ நூலைத் தொடங்கினார். 1894 இளவேனிலில் அது நிறைவுற்றது. ‘தோங்உய் சூசே போவோன்’ என்பது அதன் பெயர்; உலகோர் நெடிது வாழவும் மூல உயிராற்றல் காக்கப்படவும் வழிசொல்லும் கீழைநாட்டு மருத்துவம் என்று விரித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தெற்கே ஜொல்லா மாநிலத்தில் தோங்ஹாக் உழவர்கள் எழுந்து நின்றனர். அதை அடக்கும் பெயரால் சீனப் படையும் சப்பானியப் படையும் கொரிய மண்ணில் இறங்கிப் போரிட்டன. பிறப்பு வேற்றுமைகளைச் சட்டத்தால் நீக்கும் சீர்திருத்தமும் அதே 1894இல்தான் வந்தது. ஐம்பத்தேழு வயதான ஜேமாவுக்கு அது காலங்கடந்து வந்த நீதி. நாடே உண்டதைச் செரிக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்த ஆண்டில் அவர் வயிற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். வீடுதோறும் மருத்துவம் அறிந்தவரும், ஒவ்வொருவரும் தம் நோயை அறிந்தவரும் ஆனால் அன்றி உலகம் நலமுறாது என்பது அவர் கனவு.

1895இல் நோயுற்ற தாயைப் பேண ஹாம்ஹுங் திரும்பினார். அடுத்த ஆண்டு அங்கு சோ முன்ஹ்வான் என்பவர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடக்குவதில் பங்குகொண்டார். அதன் பயனாக 1897இல் கோவோன் வட்டத்தின் ஆட்சிப் பொறுப்பைப் பெற்றார். அரசவைக்கு அது கலகம். ஆனால் 1895இல் அரசி கொல்லப்பட்டதும் குடுமியைக் களையுமாறு ஆணை பிறந்ததும் மக்கள் உள்ளத்தில் மூட்டிய தீ 1896இல் நாடெங்கும் எரிந்த காலம் அது. அப்பக்கத்தைப் படிக்கும்போது என் மனம் அவரோடு முழுதும் உடன்படவில்லை. சினம் தவிர்க்கக் கற்றவர், நாட்டின் நியாயமான சினத்தையும் நோயாகவே கண்டாரோ என்ற ஐயம் எழுகிறது. அவரைத் துறவியாக்கி வழிபடுவோர் இந்நிகழ்ச்சியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

அதே 1897இல் சோலில் மற்றொன்று நிகழ்ந்தது. அரண்மனை அலுவலரான மின் பியோங்ஹோ என்பவர், அரண்மனைக்குள் வழங்கிய செரிமான மருந்தோடு மேலை மருந்துமுறையையும் கலந்து ‘ஹ்வால்மியோங்சு’ என்னும் நீர்மருந்தை ஆக்கினார். உயிர் காக்கும் நீர் என்பது அதன் பொருள். கசாயம் காய்ச்சக் காத்திருக்க வேண்டாமல் குப்பியைத் திறந்து குடிக்கலாம். யார் குடித்தாலும் ஒரே மருந்து. அது நூறாண்டுக்கும் மேலாக விற்பனையில் நிலைத்துள்ளது. தலைநகரில் எல்லா வயிற்றுக்கும் ஒரு குப்பி பிறந்த காலத்திலேயே, வடகிழக்கில் எந்த இரு வயிறும் ஒன்றல்ல என்று ஒரு முதியவர் சொல்லிக்கொண்டிருந்தார். வணிகத்தில் வென்றது குப்பிதான். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. நள்ளிரவில் மந்தம் கண்டவனிடம் அவன் எவ்வகையினன் என்று ஆராய்ந்துகொண்டிருக்க இயலுமா? ஆனால் ஆண்டுக்கணக்கில் அடங்காத நோயாளி இறுதியில் ஒருநாள் தன்னை மட்டும் பார்த்துப் பேசும் மருத்துவரைத் தேடுகிறான்.

1898இல் பதவியைத் துறந்த ஜேமா, ஹாம்ஹுங்கின் மான்சே பாலத்தருகே ‘போவோன்குக்’ என்னும் மருந்தகத்தைத் திறந்தார். தம் நூலின் பெயரில் பாதியே கடைக்கும் பெயர். அங்கே நோயாளிகளைப் பார்த்தார், மாணவர்க்குக் கற்பித்தார், 1894இல் எழுதி முடித்ததைத் திருத்தத் தொடங்கினார். நோயாளியின் முகம், தோள், இடுப்பு, நடை, பேச்சு, உண்ணும் முறை, மனப்போக்கு ஆகிய அனைத்தையும் கண்டே வகை கூற வேண்டும் என்பது அவர் முறை. ஒரு மருந்து தவறினால் நோயாளியின் வகையையே மீண்டும் எண்ண வேண்டியிருந்தது. எழுதியதை அடித்து எழுதுவதற்கு இதனினும் கடுமையான பட்டறை இல்லை. தத்துவப் பகுதிகளைத் திருத்தினார். சிறுநிழலர் பகுதியைத் திருத்தினார். சிறுவெயிலர், பெருநிழலர் என்று ஒவ்வொன்றாய் முன்னேறினார். 1900ஆம் ஆண்டில் உயிர் பிரிந்தது.

மறு ஆண்டே, 1901இல், மாணவர்கள் பொருள் திரட்டி ஹாம்ஹுங்கில் நூலை அச்சிட்டனர். அவர் மறைந்த நகரம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நாடு பிளவுண்டபோது வட கொரியாவில் அமைந்துவிட்டது. அவர் கொள்கையோ தென் கொரியாவின் கொரிய மருத்துவக் கல்லூரிகளில் தனிப்பாடமாகி, அந்நாடு ஏற்றுள்ள எட்டுக் கொரிய மருத்துவச் சிறப்புத் துறைகளுள் ஒன்றாக நிற்கிறது. ஒரே நோயாளியை இரு மருத்துவர் இரு வகையாகக் கூறுவது அங்கும் நிகழ்வதே. வினாத்தாள்களாலும் உடல் அளவைகளாலும் வகையை உறுதிசெய்ய ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர்; முடிவு எட்டப்படவில்லை.

அச்சிட்ட மாணவர்கள் நூலின் இறுதியில் ஒரு குறிப்பைச் சேர்த்துள்ளனர். ஆசிரியர் பெருநிழலர் பகுதி வரையே கூட்டியும் குறைத்தும் திருத்தினார் என்றும், அதற்கு மேற்பட்ட பகுதிகளை 1894ஆம் ஆண்டுப் பழைய படியின்படியே அச்சிடுகிறோம் என்றும் அது தெரிவிக்கிறது. அவ்வாறு திருத்தம் காணாமல் எஞ்சியவற்றுள் முதலாவது பெருவெயிலர் பகுதி. அதில் மருந்துகள் இரண்டே உள்ளன: கால் தளர்ச்சிக்கு ஒன்று, உணவை ஏற்காத வயிற்றுக்கு உலக்கைத் தவிடு சேர்ந்த மற்றொன்று.